கடைசிப் பெட்டியில் ஏறாதீங்க

ஆலங்கால் ஹால்ட்டுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் செந்தாமரை அக்காவை ‘ஸ்டேஷன் மாஸ்டர் மேடம்’ என்று கூப்பிடுவார்கள். அக்கா திருத்த மாட்டார். திருத்தி என்ன ஆகப்போகிறது? தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நடுவில், நாலு பக்கமும் வயல் சூழ, ஒரு பிளாட்பாரம், ஒரு தகரக் கொட்டகை, ஜன்னல் வைத்த ஓர் அறை, இரண்டு வேப்பமரம். இதுதான் எங்கள் ஹால்ட். சிக்னல் கிடையாது, பச்சைக் கொடி கிடையாது, ரயில்வே போன் கிடையாது. வண்டி தானாக வந்து ஒரு நிமிஷம் நிற்கும், தானாகப் போகும். அக்காவும் ரயில்வே ஊழியர் இல்லை. டிக்கெட் விற்றுக் கமிஷன் வாங்கும் ஏஜென்ட். வண்டியை நிறுத்தவோ அனுப்பவோ அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. வண்டியில் வருகிற ஒவ்வொருவரும் கை கால் முழுசாக வீடு போய்ச் சேர வேண்டும் என்கிற கவலை மட்டும் அவருடையது.

நான் கீழத்தெருக்காரன். பதினோரு வருடமாக அந்த வண்டியில் திருவாரூருக்குப் போய் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவன். அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. ஏன் இல்லை என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் அம்மா ராசம்மாள் அடுத்தவர் வயலில் நடவு நட்டே காலத்தை ஓட்டியவர். கூலி வாங்க வரப்பில் நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டிய காலம் அது. பெண்ணைப் பிளஸ் டூ வரை படிக்க வைத்தார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அக்கா அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தபோது, ராசம்மாளை வரப்பில் நிற்க வைத்தவர்களின் பிள்ளைகள் குனிந்து, ‘திருவாரூர் ஒண்ணு’ என்று கேட்க வேண்டியதாயிற்று. ஜன்னல் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் குனிவு அக்காவுக்குப் பிடித்திருந்தது என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அக்காவின் வீட்டுக்காரர் சாமிதுரை அண்ணன் மூன்று ஏக்கர் நெல் போடுகிறார். பேச்சு குறைவு. கேட்ட கேள்விக்கு மறுநாள் பதில் சொல்கிற ரகம். அக்கா நேர் எதிர். காலை வண்டி ஐந்து நிமிடம் தாமதமானால் எங்கேயோ என்னவோ ஆகிவிட்டது என்பார். யாராவது ஓடி வந்து ஏறினால் அன்றைக்கு முழுக்க அதையே சொல்லித் திட்டுவார். “அக்காவுக்குக் கவலைப்படத்தான் கமிஷன், டிக்கெட் சும்மா” என்று நாங்கள் கேலி செய்வோம்.

அந்தக் கவலைக்குக் காரணம் இருந்தது. எங்கள் பிளாட்பாரம் ஐந்து பெட்டிக்குக் கட்டியது. அப்போது ஐந்து பெட்டிதான் வந்தது. பிறகு கூட்டம் பெருகி எட்டுப் பெட்டி ஆனது. பிளாட்பாரம் வளரவில்லை. மாலையில் திருவாரூரிலிருந்து வரும் வண்டி நிற்கும்போது முன்னால் இருக்கிற பெட்டிகள் பிளாட்பாரத்தில் இருக்கும், பின்பெட்டிகள் வெளியே வாலாட்டிக்கொண்டு நிற்கும். அந்த வாலுக்குக் கீழே எங்கள் பாசன வாய்க்கால் போகிறது. அதன் மேல் ஒரு சின்ன இரும்புப் பாலம். கைப்பிடியும் இல்லை, நடக்கப் பலகையும் இல்லை. கடைசிப் பெட்டியின் பின்வாசல் மட்டும் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் வந்து நிற்கும்.

இதில் ஆபத்து இருக்கிற மாதிரியே ஒரு வசதியும் இருந்தது. எங்கள் கீழத்தெரு அந்த வாய்க்கால் ஓரத்தில்தான் இருக்கிறது. பிளாட்பாரத்தில் இறங்கி ரோடு வழியாகப் போனால் இரண்டு கிலோமீட்டர். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அந்த நாலைந்து மாதமும் கடைசிப் பெட்டியில் வந்து, அக்கரையில் இறங்கி, அப்படியே வாய்க்காலுக்குள் சரிந்து நடந்தால் ஐந்து நிமிடத்தில் வீடு. சாமிதுரை அண்ணன் மண்வெட்டியால் கரையில் ஏழு படி வெட்டிக் கொடுத்திருந்தார். கோடைக்காலம் முழுக்க அக்கா ஜன்னலில் எல்லோரிடமும் சொல்கிற வசனம் ஒன்று உண்டு. “கடைசிப் பெட்டியில ஏறிக்கங்க. பிளாட்பாரம் இல்லாத பக்கமா இறங்குங்க. வாய்க்காலோட போயிடலாம்.”

ஜூன் கடைசியில் மேட்டூர்த் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேரும். அன்றைக்கு ஊரே வாய்க்கால் கரையில் நிற்கும். முதல் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வரும்போது பூவும் நெல்லும் தூவுவோம், சூடம் கொளுத்துவோம். பெரிய மனிதர்களே சின்னப் பிள்ளை மாதிரி காலை நனைத்துக்கொண்டு நிற்பார்கள். ஊரில் அக்கா ஒருவருக்கு மட்டும் அந்த நாள் என்றாலே பயம்.

பல வருடங்களுக்கு முன்னால், அக்கா வேலைக்கு வந்த புதிதில், புகழேந்தி என்கிற எங்கள் தெருக்காரர் கடைசிப் பெட்டியில் வந்து வழக்கம்போல இறங்கினார். அன்று மதியம்தான் தண்ணீர் வந்திருந்தது. அவருக்குத் தெரியாது. பாலத்துக்கும் கரைக்கும் நடுவில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. யாரோ கத்தல் கேட்டு ஓடிப்போய் இழுத்துப் போட்டார்கள். உயிர் இருந்தது, பழைய நடை போய்விட்டது. அன்றைக்குத் தண்ணீர் வரும் என்பது காலையில் டிக்கெட் கொடுக்கும்போதே அக்காவுக்குத் தெரியும். ஊருக்கே தெரிந்த விஷயம்தானே, இதை வேறு சொல்ல வேண்டுமா என்று சும்மா இருந்துவிட்டார். புகழேந்தி இன்றைக்கும் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலில் டிக்கெட் வாங்குகிறார். இத்தனை வருடத்தில் அக்காவை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அக்கா கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

அதிலிருந்து, வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ராஜசேகர் முதல் நாளே அக்காவிடம் வந்து சொல்லிவிடுவார். அக்கா கரையில் வெட்டிய படிகளுக்குக் குறுக்கே ஒரு சிவப்புச் சேலையைக் கட்டுவார். ஜன்னலுக்கு வெளியே கரும்பலகையில் எழுதி வைப்பார்: ‘தண்ணீர் வந்துவிட்டது. கடைசிப் பெட்டியில் ஏறாதீங்க.’ காலை வண்டிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் வாயாலும் சொல்வார். அப்படியே வருடங்கள் ஓடின. ஒரு சின்னக் காயம்கூட யாருக்கும் இல்லை.

இந்த வருடம் தண்ணீர் வெள்ளிக்கிழமை வரும் என்றார் லஸ்கர். மேலே ஒரு ஊரில் வாய்க்கால் வேலை முடியாததால் அவர்கள் பங்கையும் சேர்த்து எங்களுக்கே திருப்பிவிட்டார்கள். தண்ணீர் வியாழக்கிழமை மதியமே வந்துவிட்டது.

அந்த வியாழக்கிழமை காலையில் எனக்கு முன்னால் ஜன்னலில் நின்றவள் இர்ஃபானா. நெல் அறுக்கும் மிஷின் மெக்கானிக் ஜாஃபர் சாதிக்கின் மனைவி. பத்து நாள் முன்னால்தான் கீழத்தெருவில் வாடகைக்கு வந்திருந்தார்கள். சொந்த ஊர் மேற்கே, ஆத்தூர்ப் பக்கம். புருஷன் பூதலூரில் மிஷின் வேலையாகப் போயிருந்தார். மூன்று வயதுப் பெண் குழந்தைக்குக் காதுவலி. தோளில் போட்டுக்கொண்டு திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருந்தாள்.

“சாயங்காலம் திரும்பி வரும்போது இங்க ஆட்டோ கிடைக்குமாக்கா? புள்ளையத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்க முடியல” என்று கேட்டாள்.

“ஆட்டோ எதுக்கும்மா?” என்றார் அக்கா. “கடைசிப் பெட்டியில ஏறிக்க. பிளாட்பாரம் இல்லாத பக்கமா இறங்கு. வாய்க்காலோட நடந்தா அஞ்சு நிமிஷம். படியெல்லாம் வெட்டி வெச்சிருக்கு.”

நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். அடுத்த நாள் தண்ணீர் வரப்போகிறது, இன்றைக்கு மாலை வரை வாய்க்கால் காய்ந்துதான் இருக்கும். அக்கா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

மதியம் வீட்டுக்குச் சமைக்கப் போன அக்கா மூன்றரை மணிக்குத் திரும்பும்போது வாய்க்கால் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. கல்யாணமா என்று பார்த்தால், தண்ணீர். நாலு மாதத்துக் குப்பையையும் தள்ளிக்கொண்டு வந்தது. காய்ந்த வைக்கோல், ஆகாயத்தாமரைச் சருகு, பிளாஸ்டிக் பை, தேங்காய் மட்டை எல்லாம் வந்து இரும்புப் பாலத்தில் முட்டி நின்றன. பின்னால் வந்த தண்ணீர் அவற்றை இறுக்கிப் பிடித்தது. ஒரு மணி நேரத்தில் பாலத்துக்கடியில் தண்ணீரே தெரியவில்லை. சாணி மெழுகிய களம் போல வைக்கோல் பரப்பிய தரை ஒன்று அங்கே உருவாகியிருந்தது. அதற்குக் கீழே ஆள் மார்பளவு ஓட்டம்.

அக்காவுக்கு முதலில் சந்தோஷம்தான். அடுத்த நொடி இர்ஃபானா நினைவு வந்தது. கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். சேலையை எடுத்துவந்து படிக்குக் குறுக்கே கட்டினார். பலகையில் எழுதினார். எழுதி முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் போனவளுக்கு இந்தப் பலகை எப்படித் தெரியும்?

கீழத்தெருவுக்கு ஓடினார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் நம்பர் வாங்கி அடித்தார். சுவிட்ச் ஆஃப். புருஷனுக்கு அடித்தார். நாலாவது தடவை எடுத்தார். “அவ போன்ல சார்ஜ் நிக்காதுக்கா. என்னக்கா, ஏதாவது பிரச்சினையா?” என்று ஜாஃபர் சாதிக் கேட்டார். பூதலூரிலிருந்து அவர் பறந்தாலும் வர முடியாது.

“ஒண்ணும் இல்ல தம்பி. தண்ணி வந்திருக்கு, அதான். நான் பாத்துக்கறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார். ‘நான் பாத்துக்கறேன்’ என்று வாய் சொல்லிவிட்டது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஐந்து மணிக்குத் தலைமதகுக்குப் போனார். ஊர் ஆண்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். சாமிதுரை அண்ணன் நெற்றியில் குங்குமத்தோடு மதகின் திருகுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று வருடமாகக் கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாகி, நாற்று கருகி, விதைநெல்லையே இரண்டு தடவை இழந்தவர். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சிரிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன் என்றார் அக்கா. அந்தச் சிரிப்பின் முன்னால் போய் நின்று கேட்டார்.

“ஏங்க, மதகை ஒரு ரெண்டு மணி நேரம் இறக்கச் சொல்லுங்களேன். வண்டி போனதும் ஏத்திக்கலாம்.”

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் வந்த அன்றைக்கு மதகை இறக்கச் சொல்வது எங்கள் பக்கம் யாரும் கேட்காத பேச்சு. சாப்பாட்டுப் பந்தியில் இலையைப் பிடுங்குவது மாதிரி. அக்கா விஷயத்தைச் சொன்னார். லஸ்கர் ராஜசேகர் நல்ல மனிதர். ஆனாலும் தலையைச் சொறிந்தார்.

“இறக்கினா தண்ணி அந்தப் பக்கத்து வாய்க்காலுக்குப் போயிடும்மா. அவங்க வந்து ஒக்காந்துட்டா மறுபடி ஏத்த விடமாட்டாங்க. ரெண்டு நாள் போராடணும்.”

அக்கா புருஷனைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் ஒருவேளை கேட்கும்.

“இப்ப இறக்கினாலும் உள்ள நிக்கிற தண்ணி வடிய விடிஞ்சிடும்” என்றார் சாமிதுரை அண்ணன்.

“குறையவாவது செய்யும்ல?”

“மதகை இறக்க மாட்டேன் தாமரை. நீ போ.”

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு பிள்ளை உயிரைவிட நாற்று பெரிசாகப் போய்விட்டதா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். பத்தொன்பது வருடமாக ஊருக்காக ஜன்னலில் உட்கார்ந்த தனக்காக யாரும் ரெண்டு மணி நேரம் விட்டுக்கொடுக்கவில்லையே என்று அழுதுகொண்டே நடந்தார். அண்ணன் பதில் சொல்லவில்லை. அவர்தான் மறுநாள் பதில் சொல்கிறவராயிற்றே.

ஆறு மணிக்கு, தனக்கு டிக்கெட் கொடுக்கும் பெரிய ஸ்டேஷனுக்கு அடித்தார். திருவாரூருக்குச் சொல்லிப் பார்க்கிறோம் என்றார்கள். கொஞ்ச நேரத்தில், வண்டி கிளம்பிவிட்டது அம்மா என்றார்கள். அந்த வண்டியில் தினமும் வருகிற எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேர். ஒருவர் அன்று லீவு. இன்னொருவர் பஸ்ஸில் முன்னாலேயே வந்துவிட்டார். மிச்சம் நான்.

இங்கேதான் என் தகுதி வருகிறது. திருவாரூர் ஸ்டேஷனில் நான் மூன்றாவது பெட்டியில் உட்கார்ந்து, ஊர் குரூப்பில் வந்த தண்ணீர் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுரையும் பூவும். நாலு பேருக்கு அனுப்பியும் வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே இர்ஃபானா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மருந்துப் பையோடு பின்பக்கம் போனாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நானும் தலையாட்டினேன். தண்ணீர் வந்தது எனக்குத் தெரியும். அவள் கடைசிப் பெட்டிக்குப் போகிறாள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மூளைக்குத் தோன்றவில்லை.

வண்டி நகர்ந்த பிறகு போன் அடித்தது. ‘ஹால்ட் அக்கா’ என்று வந்தது. அக்கா எனக்கு அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ‘தம்பி, கடைத்தெருவுல அண்ணனுக்கு முட்டிவலித் தைலம் ஒண்ணு வாங்கிட்டு வா.’ வண்டி கிளம்பிவிட்டது, இனி எடுத்தால் ஏன் வாங்கவில்லை என்று பேச்சுக் கேட்க வேண்டும். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை போனைக் கவிழ்த்து வைத்தேன். நடுவில் இரண்டு ஸ்டேஷனில் வண்டி நின்றது. எடுத்திருந்தால், இறங்கி ஓடிப்போய்ச் சொல்ல நேரம் இருந்தது.

ஆறரைக்கு அக்கா ஜன்னலைப் பூட்டினார். அந்த நேரத்தில் அவர் அறையை விட்டுப் போகக் கூடாது. போனார். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு இரும்புப் பாலத்தின் கட்டைகளில் கால் வைத்து, கீழே பார்க்காமல் அக்கரைக்குக் கடந்தார். கடைசிப் பெட்டியின் பின்வாசல் எப்போதும் அங்கேதான் வந்து நிற்கும். வாசலிலேயே போய் நின்று ‘இறங்காதே’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வேறு வழி எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

பொழுது சாய்ந்துவிட்டது. பாலத்துக்குக் கீழே சுத்தமாக இருட்டு. வைக்கோல் தரை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. சாமி பேரெல்லாம் சொல்லி முடித்து, புகழேந்தி பேரையும் சொல்லிக் கும்பிட்டாராம் அக்கா. எதற்கு என்று கேட்டேன். தெரியவில்லை, வாயில் வந்தது என்றார்.

ஆறு ஐம்பதுக்கு வண்டி வந்தது. அவரைக் கடந்து பெட்டி பெட்டியாகப் போனது. ஓட்டி வந்தவர் இந்தத் தடத்துக்குப் புதியவர் போல. வழக்கமாக நிற்கிற இடத்தை அரைப் பெட்டி தாண்டி நிறுத்தினார். கடைசிப் பெட்டியின் பின்வாசல் அக்காவுக்கு முன்னால் நிற்கவில்லை. முப்பது அடி தள்ளி, பாலத்தின் நட்டநடுவில், தண்ணீருக்கு மேலே போய் நின்றது.

அக்கா கத்தினார். எங்கள் வண்டிக்கு முன்னால் ஒன்று, கடைசிப் பெட்டியில் ஒன்று என இரண்டு எஞ்சின். கடைசிப் பெட்டிப் பக்கத்தில் நின்றால் நாம் பேசுவது நமக்கே கேட்காது. பிளாட்பாரம் இல்லாத பக்கத்துக் கதவு திறந்தது. இர்ஃபானா ஒரு கையில் குழந்தையைப் பிடித்து, மறு கையால் கம்பியைப் பிடித்து, படியில் இறங்கி நின்றாள். கீழே குனிந்து பார்த்தாள். தயங்கினாள். மேலே ஏறப் போகிறாள் என்று அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. அவள் கண்ணில் படட்டும் என்று டார்ச்சை அவளை நோக்கி அடித்து, கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். இர்ஃபானா கடைசிப் படியிலிருந்து ஒரு காலைக் கீழே நீட்டினாள்.

அப்போது அந்த வைக்கோல் தரையைப் பிளந்துகொண்டு ஒரு தலை எழுந்தது.

தலையில் துண்டு கட்டிய ஒரு மனிதனின் தலையும் தோளும், தரைக்குள்ளிருந்து. ஒரு கை டார்ச்சைத் தன் முகத்தின் மேலேயே அடித்துக்கொண்டது. இன்னொரு கை ‘போ, மேலே போ’ என்று தள்ளித் தள்ளிக் காட்டியது. இர்ஃபானா அலறிக்கொண்டு காலை இழுத்தாள். தரைக்குள் ஆள் நிற்கிறான் என்றால் அது தரை இல்லை. அது யாருக்கும் சொல்லாமலே விளங்கும். அவள் குழந்தையோடு பெட்டிக்குள் விழுந்தாள். ஹாரன் அடித்தது. வண்டி அவளை ஏற்றிக்கொண்டே அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டது.

நான் பிளாட்பாரத்தில் இறங்கி, போனைத் திருப்பி, மூன்று மிஸ்டு கால் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் கத்தல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், சாமிதுரை அண்ணன் பாலத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு வைக்கோலுக்குள் நின்றார். இரண்டு பேர் சேர்ந்து அவரைக் கரையேற்றினோம். பல் தந்தியடித்தது. விரல்களெல்லாம் ஊறி வெளுத்திருந்தன. ஐந்தே முக்காலிலிருந்து நின்றிருக்கிறார். முதல் தண்ணீரில் வளைக்குள் இருக்கிற பாம்பெல்லாம் வெளியே வந்து மிதக்கிற குப்பையில்தான் ஏறிக்கொள்ளும். எங்கள் ஊரில் எவனும் அன்றைக்குப் பாலத்தடியில் கால் வைக்க மாட்டான். அவர் ஒரு மணி நேரம் தூண் ஓரத்து இருட்டில், அதற்குள் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அக்கா அவர் நெஞ்சில் ரெண்டு கையாலும் குத்தினார். குத்திக்கொண்டே அழுதார்.

“இறக்க மாட்டேன்னு சொன்னீங்களே. எல்லார் முன்னாலயும் சொன்னீங்களே.”

“தண்ணி ஊரோடது. அதை நிறுத்த எனக்கு என்ன உரிமை இருக்கு” என்றார் சாமிதுரை அண்ணன். மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். “நான் போய் நிக்கிறதுக்கு யாரைக் கேக்கணும்? கரையில நீ நிப்பேன்னு தெரியும். நடுவுல யாராவது நிக்க வேணாமா?”

அவரிடமிருந்து அன்றைக்கே பதில் வந்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த ஸ்டேஷனுக்கு நான்தான் பைக்கில் போனேன். அக்கா என்னை அனுப்பும்போது மிஸ்டு காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “சீக்கிரம் போ தம்பி, பயந்துபோயிருக்கும்” என்று மட்டும் சொன்னார். இர்ஃபானா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நல்ல விதமாக ஏற்றிக்கொண்டு ரோடு வழியாகக் கிளம்பினேன். பாதி வழியில் அவளாகவே பேசினாள்.

“கீழ பார்த்தப்ப எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சுண்ணே. ஏறி உள்ள போயிடலாம்னுதான் நெனச்சேன். அப்பதான் அந்த அக்கா டார்ச் அடிச்சு, வா வான்னு கையைக் காட்டினாங்க. சரி, வழி காட்டத்தான் நிக்கிறாங்கன்னு காலை வெச்சேன்.”

நான் பைக்கை மெதுவாக்கினேன்.

“அந்த அக்காகிட்ட நாளைக்கு வந்து நன்றி சொல்லணும்” என்றாள்.

“நன்றி சொல்லு. இந்த டார்ச் விஷயத்தை மட்டும் சொல்லாதம்மா” என்றேன். ஏன் என்று கேட்டாள். கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கே புரிந்திருக்க வேண்டும். குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு, சரி அண்ணே என்றாள்.

மறுநாள் காலை வண்டிக்குப் போனேன். அக்கா ஜன்னலுக்குள் இருந்தார். கண்கள் வீங்கியிருந்தன, தூங்கியிருக்கவில்லை. கரும்பலகையில் எழுத்து நேற்றையதைவிடப் பெரிதாக இருந்தது. டிக்கெட்டைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“தம்பி, அந்தப் பொண்ணு மேல ஏறத்தான் பாத்துச்சு. நான் நல்லாப் பாத்தேன். அப்புறம் ஏன் காலை நீட்டுச்சு? உன்கிட்ட ஏதாவது சொல்லுச்சா?”

“ஒண்ணும் சொல்லலக்கா” என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு டிக்கெட்டைக் கொடுத்தார். இன்றைக்கும் வாரத்தில் ஒரு தடவையாவது அதையே கேட்கிறார். நானும் அதையே சொல்கிறேன்.